நேரான காலும் முழங்காற் சில்லும்

(சங்க மண்டபத்தில் நடைபெற்ற சுகாதாரக் கூட்டமொன்றில் வைத்தியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



உங்கள் செயலாளர் என்னிடம் வந்து, "வைத்திய விஷயமாக ஏதாவது பேசவேண்டும்" என்று கேட்டார். இருதயத்தைப் பற்றியோ நீரிழிவைப் பற்றியோ பேசுவேன் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். முழங்காலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிறிது சிரித்தார். ஆனால் இன்று மாலை இம்மண்டபத்தின் படிகளில் ஏறிவந்தபோது, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களிற் சிலர் பக்கச் சுவரைப் பற்றிக்கொண்டு, ஒரே காலை முன்வைத்து ஒவ்வொரு படியாக ஏறியதைக் கண்டேன். அவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

நான் மூட்டுகளை ஆளும் சத்திரசிகிச்சை நிபுணன் அல்லன்; பொது வைத்தியன். ஆயினும் இவ்விஷயத்தைப் பேசும் கடமை எனக்கு உண்டு. என் அம்மான் ஒருவருக்கு, வளைந்த காலை நிமிர்த்தும் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அது நன்றாகவே நடந்தது. அதன் பின்னர் ஒரு தவறு நேர்ந்தது. அந்தத் தவறு சத்திரசிகிச்சை செய்தவருடையதன்று, என்னுடையது. அதைப் பின்னாற் சொல்லுகிறேன். அது எத்தகைய தவறு என்பது விளங்குவதற்கு, முதலில் முழங்காலின் அமைப்பையும், கால் நிமிர்த்தும் முறையையும் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

மூன்று அறைகள்

முழங்கால் கதவுக் கீல் போன்றது என்று பள்ளிக்கூடத்திற் படித்தோம். உண்மையில் அது மூன்று அறைகள் கொண்ட ஒரு வீடு. தொடையெலும்பின் கீழ்நுனி இரண்டு குமிழ்களாக முடிகிறது. அக்குமிழ்கள் கணைக்கால் எலும்பின் தட்டையான மேற்றளத்தில், ஒன்று உட்பக்கமும் மற்றொன்று வெளிப்பக்கமுமாக அமர்ந்திருக்கின்றன. இவை இரண்டு அறைகள். மூன்றாவது அறை முன்புறத்தில் இருக்கிறது. அங்கே தொடையெலும்பின் முகத்தில் ஒரு தவாளிப்பு உண்டு. அந்தத் தவாளிப்பிலே மேலும் கீழுமாக ஓடுவது தான் முழங்காற் சில்லு. வண்டிச் சில்லு உருளும். முழங்காற் சில்லு வழுக்கிச் செல்லும்.

இச்சில்லின் மேலே தொடையின் முன்தசை பற்றியிருக்கிறது. கீழே ஒரு தடித்த தசைநாண் புறப்பட்டு, கணைக்காலின் முன்புறத்தே உள்ள ஒரு சிறு மேட்டிலே பற்றிக்கொள்கிறது. உங்கள் கையை முழங்காலின் மேல் வைத்து நான்கு விரல் கீழே தடவிப் பாருங்கள். அந்த மேடு தட்டுப்படும். அந்த மேட்டை மறந்துவிடாதீர்கள். இன்றைய பேச்சு முழுவதும் அதைச் சுற்றியே வரப்போகிறது.

கிணற்றிலே கயிறு கப்பியின்மேல் ஓடுவதனால் நீர் இறைப்பது இலகுவாகிறது. அவ்வாறே, சில்லானது தசைநாணை மூட்டிலிருந்து சற்று முன்னே தூக்கிப் பிடிப்பதனால், மடிந்த காலை நீட்டுவது தசைக்கு இலகுவாகிறது. ஆனால் கயிற்றின் பாரத்தையெல்லாம் கப்பி தாங்குவது போல, இழுவிசையின் பெரும்பங்கைச் சில்லு தாங்க வேண்டியிருக்கிறது. இதற்காகவே சில்லின் பின்புறத்தில் வழவழப்பான குருத்தெலும்பு தடித்துப் படிந்திருக்கிறது. இன்றைய பாடப்புத்தகங்களில் மாணவர்கள் இதனைக் கசியிழையம் என்று படிப்பார்கள். உடம்பின் மூட்டுகளிலே காணப்படும் மிகத் தடித்த கசியிழையங்களில் இது ஒன்று. சிலரிடம் 5 மில்லிமீற்றர் வரையும் இருக்கும்.

அது தாங்கும் பாரம் எவ்வளவு? 1972-ஆம் ஆண்டில் றைலி, மார்ட்டென்ஸ் என்னும் இருவர் இதனைக் கணித்து வெளியிட்டார்கள். சமதரையில் நடக்கும்போது சில்லுக்கும் தொடையெலும்புக்கும் இடையே அழுத்தும் விசை நமது உடற்பாரத்திற் பாதியளவே. படியேறி இறங்கும்போது அது உடற்பாரத்தைப்போல் மூன்று மடங்கிற்கு மேலாகிறது. முழங்காலை ஆழமாக மடித்துக் குந்தி எழும்போது ஏழரை மடங்கையும் தாண்டுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கையில் அவரது சில்லின்மேல் 30 கிலோ. படியேறுகையில் ஏறக்குறைய 200 கிலோ. குந்தி எழுகையில் 450 கிலோவுக்கு மேல். பிள்ளையார் முன்னிலையில் நீங்கள் போடும் ஒவ்வொரு தோப்புக்கரணத்திலும் ஒரு மூடை நெல்லல்ல, பல மூடை நெல்லின் பாரத்தை அந்தச் சிறு எலும்பு தாங்குகிறது. நாற்காலியில் இருந்து பழகியவர்களை விட, நிலத்தில் இருந்து உண்டு, குந்தியிருந்து வேலை செய்து, விழுந்து கும்பிட்டு எழும் மக்களாகிய நமக்கு இந்த மூன்றாவது அறையின் மதிப்பு அதிகம் என்பதை இதிலிருந்து உணரலாம்.

வளைந்த கால்

இனி வளைந்த காலுக்கு வருவோம். சிலருக்குக் கால்கள் வில்லைப்போல் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். பாதங்களைச் சேர்த்துவைத்து நின்றால் இரு முழங்கால்களுக்கும் இடையே இடைவெளி தெரியும். நேரான காலிலே கூட உடற்பாரத்திற் பாதிக்கு மேல் முழங்காலின் உட்பக்க அறையூடாகவே இறங்குகிறது. வளைந்த காலில் அப்பங்கு இன்னும் மிகுகிறது. பாரம் மிகுந்த பக்கம் தேய்கிறது. தேய்ந்ததனால் அப்பக்கம் தாழ்கிறது. தாழ்ந்ததனால் கால் மேலும் வளைகிறது. வளைந்ததனால் மேலும் தேய்கிறது. ஒரு பக்கம் தாழ்ந்த வண்டியிலே ஏற்றிய மூடைகளெல்லாம் அப்பக்கத்துக்கே சரிவது போன்ற கதை இது.

வயது முதிர்ந்து, மூன்று அறைகளும் தேய்ந்தவருக்குச் செயற்கை முழங்கால் பொருத்துவது இன்று எங்கும் வழக்கம். ஆனால் ஐம்பது வயதுள்ள ஒருவர், தோட்டம் செய்பவர், சைக்கிளில் வேலைக்குப் போகிறவர், அவருக்கு உட்பக்க அறை மட்டுமே தேய்ந்திருக்கிறது என்றால் என்ன செய்வது? அவருடைய சொந்த மூட்டைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. கணைக்கால் எலும்பை முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெட்டி, காலை நிமிர்த்தி, பாரத்தைத் தேயாத வெளிப்பக்க அறைக்கு மாற்றிவிடுவதே அவ்வழி. முற்றிலும் நேராக நிறுத்துவதோடு அமையாமல், பாரக்கோடு நடுவைச் சற்றே தாண்டி வெளிப்பக்கத்தில் விழுமாறு செய்வார்கள். இப்படிச் செய்த முழங்கால்களுள்ளே கருவி செலுத்திப் பார்த்து, கோடு எங்கே விழுந்தால் தேய்ந்த இடம் நன்கு ஆறுகிறது என்பதை யப்பானியரான பியூஜிசாவாவும் அவரது தோழர்களும் 1979-இல் எழுதினார்கள். அவர் பெயரால் இன்றும் அந்தப் புள்ளி வழங்குகிறது.

மேட்டுக்கு மேலா, கீழா?

இச்சிகிச்சையின் வரலாற்றிலே நமக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ஜாக்ஸன், வோ என்னும் இரு வைத்தியர்கள் 1961-இல் இதுபற்றி எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. அவர்கள் எலும்பை வெட்டியது, நான் சற்றுமுன் தடவிப் பார்க்கச் சொன்னேனே, அந்த மேட்டுக்குக் கீழே. 1965-இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த மார்க் கொவென்றி, மேட்டுக்கு மேலே வெட்டும் முறையை எழுதினார். அவர் சொன்ன காரணங்கள் நல்லவை. வளைவுக்கு அண்மையில் வெட்டினால் திருத்தம் செம்மையாகும். மேலேயுள்ள எலும்பு பஞ்சுபோன்ற உட்கட்டமைப்பு உடையதாகையால் விரைவிற் பொருந்தும். தொடைத்தசையின் இழுவையும் வெட்டிய வாய்களை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கும். ஆதலால் உலகம் கொவென்றியைப் பின்பற்றியது.

ஆனால் மேட்டுக்கு மேலே வெட்டும்போது ஒரு காரியம் நிகழ்கிறது. சில்லைக் கட்டியிருக்கும் கயிற்றின் கீழ்முளை அந்த மேடு. மேடு வெட்டுக்குக் கீழே நிற்கிறது. மூட்டுத் தளமோ வெட்டுக்கு மேலே நிற்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நாம் கூட்டினாலோ குறைத்தாலோ, மூட்டை நோக்கச் சில்லு நிற்கும் இடம் மாறியே தீரும். காலை நிமிர்த்த முயன்றவர்கள், கால் எவ்வளவு நிமிர்ந்தது என்பதையே முதலிற் பார்த்தார்கள். முன்னறையில் இருந்த சில்லு இடம்பெயர்ந்ததைப் பின்னரே கவனித்தார்கள்.

காலை நிமிர்த்துவதற்கு இரண்டு முறைகள் பெரிதும் வழங்குகின்றன. ஒன்று, வெளிப்பக்கத்தில் ஆப்பு வடிவமான எலும்புத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, அவ்வாயை மூடிவிடுவது. இதனை மூடும் முறை என்போம். கொவென்றி செய்தது இது. மற்றது, உட்பக்கத்தில் ஒரு வெட்டுப் போட்டு, அதனை மெல்ல விரித்து, ஆப்புப்போன்ற இடைவெளியை உண்டாக்கித் தகட்டினால் நிறுத்துவது. இதனை விரிக்கும் முறை என்போம். பிரான்சிலே ஏர்னிகூவும் அவரது தோழர்களும் இம்முறையாற் சிகிச்சை பெற்றோரைப் பத்து முதல் பதின்மூன்று ஆண்டுகள் வரை கவனித்து 1987-இல் எழுதினார்கள். திருகாணிகள் தகட்டோடு பூட்டிக்கொள்ளும் உறுதியான தகடுகள் 2000-ஆம் ஆண்டுக்குப் பின் பரவியதும், விரிக்கும் முறையே பல நாடுகளில் முதலிடம் பெற்றது. இதிலே வெளிப்பக்கத்துச் சிற்றெலும்பை வெட்ட வேண்டியதில்லை; அதன் அருகே ஓடும் நரம்புக்கும் ஆபத்துக் குறைவு.

சில்லு இறங்கும் கதை

விரிக்கும் முறையிலே சில்லுக்கு என்ன நிகழும் என்பதைச் சாதாரண கணக்கினாலேயே அறியலாம். உட்பக்க ஓரத்தில் 10 மில்லிமீற்றர் விரித்ததாக வைத்துக்கொள்வோம். வெளிப்பக்க ஓரம் கீல்போல நிற்கிறது. நமது மேடு ஏறக்குறைய இரண்டுக்கும் நடுவில் இருப்பதனால், அவ்விடத்தில் 5 மில்லிமீற்றர் அளவு விரியும். ஆகவே மூட்டுத்தளம் மேட்டை விட்டு அவ்வளவு உயர்கிறது. தசைநாண் நீளாது. சில்லு மேட்டோடு கட்டுண்டு பழைய இடத்திலேயே நிற்கிறது. மூட்டு உயர்ந்து சில்லு நின்றுவிட்டால், சில்லு இறங்கிவிட்டதாகத்தானே பொருள்? தவாளிப்பிலே அது முன்னையிலும் தாழ்ந்த இடத்திற் போய் அழுத்துகிறது. இறந்தவர்களின் முழங்கால்களை வைத்து அழுத்தத்தை அளந்த சோதனைகளிலும், விரிக்கும் முறைக்குப் பின் சில்லின்மேல் அழுத்தம் கூடுவது காணப்பட்டது.

மூடும் முறையிலே கணக்கு நேர்மாறானது. எலும்புத் துண்டை எடுத்து மூடியதனால் மூட்டுத்தளம் மேட்டை நெருங்குகிறது. எனவே சில்லு சற்று உயர்ந்து நிற்கவேண்டும். ஆனால் நியூயோர்க்கிலே இன்சோல் என்னும் பேர்பெற்ற முழங்கால் நிபுணரும் அவரோடு சேர்ந்தோரும், இச்சிகிச்சை பெற்றோரின் எக்ஸ்றே படங்களை ஆராய்ந்து 1989-இல் எழுதியபோது, பெரும்பாலான முழங்கால்களிற் சில்லு இறங்கியிருந்ததையே கண்டார்கள். கணக்கு ஏறும் என்கிறது. படம் இறங்கிற்று என்கிறது. ஏன்?

இங்கே தான், இளைஞர்களே, என் அம்மானின் கதை தொடங்குகிறது. அக்காலத்திலே வெட்டிய எலும்பு பொருந்துவதற்காகப் பல வாரங்கள் காலைப் பிளாஸ்டர் கட்டுக்குள் நீட்டியே வைத்திருப்பார்கள். அசையாத காலிலே தொடைத்தசை ஓய்ந்துபோகிறது. மேலே இழுக்க ஆளில்லாத சில்லு தாழ்ந்து கிடக்கிறது. தசைநாணைச் சுற்றிலும் பின்புறத்திலும் தழும்புத்தசை வளர்ந்து, அது சுருங்கும்போது தசைநாணும் குறுகிவிடுகிறது. குறுகிய கயிறு சில்லைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. 1998-இல் நியூயோர்க்கிலிருந்து வெளிவந்த இன்னோர் ஆய்வு இதனை உறுதிப்படுத்தியது. எலும்பைத் தகட்டினால் உறுதியாக நிறுத்தி, பிளாஸ்டர் இன்றி, விரைவில் முழங்காலை மடிக்கச் செய்தவர்களிடையே இந்தக் குறுக்கம் வெகுவாகக் குறைந்திருந்தது. கத்தி செய்ததைக் காட்டிலும் அசையாமை செய்தது பெரிது என்பதே இதன் பொருள்.

தசைநாண் குறுகியதா, அல்லது மூட்டுத்தான் உயர்ந்ததா என்பதை எக்ஸ்றேயிற் பிரித்தறிய வழியுண்டு. இன்சோலும் சல்வாற்றியும் 1971-இல் ஓர் எளிய அளவையைச் சொன்னார்கள். முழங்காலின் பக்கப்படத்திலே சில்லின் நீளத்தையும் தசைநாணின் நீளத்தையும் அளந்தால், இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். தசைநாண் மிகக் குறைந்தால் அது குறுகிவிட்டது என்று கொள்ளலாம். மூட்டுத்தளத்திலிருந்து சில்லின் உயரத்தை அளக்கும் முறைகள் பின்னர் வந்தன. எலும்பை விரித்ததனால் உண்டான இறக்கத்தை அவை காட்டும். முதல் அளவை அதைக் காட்டாது. ஆதலால் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, "சில்லுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட முடியாது.

அம்மானின் கால்

என் அம்மான் பள்ளிக்கூடத்து உபாத்தியாயராயிருந்து இளைப்பாறியவர். ஐம்பத்தெட்டு வயதிலே இடது முழங்காலின் உட்பக்க நோவினாற் சந்திக்குப் போய்வரவே வருந்தினார். விரிக்கும் முறையிற் சத்திரசிகிச்சை நடந்தது. உறுதியான தகடு வைக்கப்பட்டது. வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த கடதாசியிலே, மறுநாளிலிருந்தே முழங்காலை மடித்து நீட்டவேண்டும், தொடைத்தசையை இறுக்கிப் பழகவேண்டும், சில்லைக் கையாற் பிடித்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் மெல்ல நகர்த்தவேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது.

நான் போய்ப் பார்த்தேன். கால் வீங்கியிருந்தது. அவர் மடிக்க முயன்றபோது முகம் சுளித்தது. "அம்மான், வெட்டின எலும்பு. அவசரப்பட வேண்டாம். வீக்கம் வத்தட்டும். தலையணையில காலை நீட்டி வையுங்கோ" என்று சொன்னேன். வைத்தியனாகிய மருமகன் சொன்னால் அவர் கேளாதிருப்பாரா? ஆறு வாரம் காலை நீட்டியபடியே படுத்திருந்தார். இயன்மருத்துவரிடம் போகவேண்டிய தவணைகளும் தவறின. நான் அன்பினாற் சொன்னேன், அறியாமையாற் சொன்னேன். அன்பு அறியாமைக்குப் பரிகாரமாகாது.

எலும்பு நன்றாகப் பொருந்திற்று. கால் நேராயிற்று. உட்பக்க நோவு போய்விட்டது. சமதரையிலே முன்போல நடந்தார். ஆனால் நான்காம் மாதத்தில், "மருமகன், படியேறேக்க முன்பக்கம் சுள்ளெண்டு குத்துது, கதிரையாலை எழும்பவும் ஏலாமல் கிடக்கு" என்றார். பழைய நோவு உள்ளே, இது முன்னே. சிகிச்சை வாய்க்கவில்லை என்று குடும்பத்தார் முடிவுகட்டிவிட்டார்கள். நான் இரண்டு எக்ஸ்றே படங்களையும் யன்னல் வெளிச்சத்திற் பிடித்து, அடிமட்டத்தால் அளந்து பார்த்தேன். விரித்ததனாற் சில்லு இறங்கியது எதிர்பார்த்ததே. அதற்கு மேலாகத் தசைநாணும் சில மில்லிமீற்றர் குறுகியிருந்தது. தொடையோ மற்றத் தொடையிலும் மெலிந்து தொய்ந்து கிடந்தது. எலும்பை வெட்டியவர் தமது வேலையைச் செய்திருந்தார். அவர் எழுதிய கடதாசியை நான் தான் கிழித்துவிட்டேன்.

பின்னர் எட்டு மாதம், ஓர் இயன்மருத்துவர் அவரைப் பொறுமையோடு பழக்கினார். படியேறும் நோவு பெரும்பாலும் தணிந்தது. மடிப்பு முழுவதும் திரும்பவில்லை. கோயில் மண்டபத்திலே எல்லோரும் சம்மணமிட்டு இருக்கையில் அவர் ஓரத்திற் கதிரை போட்டு இருக்கிறார். ஒருமுறை நான் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "நேரான காலை அவை தந்தவை, தம்பி, மடிக்கிற காலை நாங்களெல்லோ துலைச்சுப்போட்டம்" என்றார். "நீ துலைச்சாய்" என்று அவர் சொல்லவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

அஞ்ச வேண்டுவதில்லை

இதைக் கேட்டு, இச்சிகிச்சையே தீது என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. சில்லு சில மில்லிமீற்றர் இறங்கியவர்கள் எல்லோருக்கும் முன்பக்க நோவு வருவதில்லை. யப்பானிலும் கொரியாவிலும், தகட்டை எடுப்பதற்காக மறுபடி கத்தி வைக்கும் தருணத்திலே கருவி செலுத்தி மூட்டுக்குள் பார்த்திருக்கிறார்கள். சிலருக்குச் சில்லின் பின்புறக் கசியிழையம் முன்னிலும் தேய்ந்திருந்தது. அதிக பாகைக்குத் திருப்பியவர்களிடம் அத்தேய்வு கூடுதலாகவும் காணப்பட்டது. ஆயினும் அத்தேய்வு உள்ளவர்களிற் பலர், சில ஆண்டுகள் வரை கவனித்தவிடத்து, தேய்வில்லாதவர்களைப் போலவே சுகமாக நடமாடினார்கள். படத்திலுள்ள குறையும் உடம்பிலுள்ள நோவும் எப்போதும் ஒன்றல்ல.

எனினும் இறங்கிய சில்லை அலட்சியம் செய்வதும் தகாது. என்றோ ஒருநாள் அம்முழங்காலுக்குச் செயற்கை மூட்டுப் பொருத்த வேண்டிவந்தால், தாழ்ந்து இறுகிய சில்லு வைத்தியரின் கைக்கு இடம் கொடாது, வேலை கடினமாகும்.

இக்குறையை நீக்க நிபுணர்கள் வழி தேடினார்கள். இப்போது விரிக்கும் முறையிற் குறுக்கே போடும் வெட்டோடு, மேட்டின் பின்புறமாக மற்றொரு வெட்டும் போடுவது வழக்கம். அந்த இரண்டாவது வெட்டு மேல்நோக்கிச் சென்றால் மேடு கீழ்த்துண்டோடு நிற்கும், சில்லு இறங்கும். கீழ்நோக்கிச் சென்றால் மேடு மேற்றுண்டோடு சேர்ந்துவிடும்; மூட்டும் மேடும் ஒன்றாகவே உயர்வதனாற் சில்லின் இடம் மாறாது. நெதர்லாந்தைச் சேர்ந்த காஸ்பீக்கும் அவரது தோழர்களும் 2004-இல் இதனை எழுதினார்கள். மேட்டைத் திருகாணியால் இறுக்க வேண்டும். அது முறியாமலும் நன்கு பொருந்தும்படியும் பார்க்க வேண்டும். ஆகவே எல்லோருக்கும் இது வேண்டுமென்பதில்லை. பெரிய திருத்தம் வேண்டியவருக்கும், முன்னமே சில்லு தாழ்ந்தோ தேய்ந்தோ உள்ளவருக்கும் இது ஏற்றது என்று பலர் கருதுகின்றனர். ஜாக்ஸனும் வோவும் மேட்டுக்குக் கீழே வெட்டியதிலிருந்த நன்மையும், கொவென்றி மேலே வெட்டியதிலிருந்த நன்மையும் இவ்வாறு ஓரிடத்திற் சந்திக்கின்றன.

நீங்கள் செய்யக்கூடியது

இங்கே இருக்கும் இளைஞர்களுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். உங்கள் வீட்டிலே தாயோ தந்தையோ இச்சிகிச்சைக்குப் போகும்போது, வைத்தியர் முன்னே உட்கார்ந்து கேட்கப்போகிறவர்கள் நீங்கள் தாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது: முன்னறையில், சில்லின் பின்புறத்திலே, தேய்வு உண்டா? இரண்டாவது: எம்முறையில் வெட்டப் போகிறீர்கள், அதனாற் சில்லு எவ்வளவு இடம்மாறும்? மூன்றாவது: எந்நாளிலிருந்து மடிக்கலாம், எந்நாளிலிருந்து கால் ஊன்றலாம்? நல்ல வைத்தியர் எவரும் இக்கேள்விகளைக் கேட்டு முகம் கோணமாட்டார்.

சிகிச்சைக்குப் பின் அவர் தரும் கடதாசியைச் சுவரில் ஒட்டிவையுங்கள். அதில் எழுதியபடியே நடவுங்கள். தொடையை இறுக்கிப் பத்து எண்ணும்வரை பிடித்து விடுவதற்குப் பணம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம், பக்கத்தில் இருந்து எண்ணிக்கொடுக்க ஒரு பிள்ளை வேண்டும். வலிக்கிறது என்று அவர்கள் சொல்லும்போது இரக்கம் மேலிட்டு, "சரி, இன்றைக்கு விடுங்கள்" என்று சொல்லாதீர்கள். அளவுக்கு மிஞ்சிய வலியா, இயல்பான வலியா என்று வைத்தியரையோ இயன்மருத்துவரையோ கேளுங்கள். கெண்டைக்கால் வீங்கி நொந்தாலும், காய்ச்சல் கண்டாலும், புண்வாயிலிருந்து நீர் கசிந்தாலும் தாமதியாமற் கொண்டுசெல்லுங்கள். மற்றப்படி, மடிப்பதற்குரிய காலம் சிகிச்சையின் முதல் வாரங்களே. அக்காலம் போனால் திரும்ப வாராது. படியேறும்போது நல்ல காலை முதலில் வைக்கவும், இறங்கும்போது நோயுள்ள காலை முதலில் வைக்கவும் சொல்லிக்கொடுங்கள். உடற்பாரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். குறையும் ஒவ்வொரு கிலோவும் படியிலே சில்லுக்கு மூன்று கிலோவாகக் குறைகிறது.

பெரியோர்களே, ஒரு காலை நிமிர்த்துவதென்பது ஒரு தூணை நிமிர்த்துவது போன்றதன்று. தூணுக்குத் தாங்குவது ஒன்றே தொழில். காலுக்கோ நிற்றலும் உண்டு, மடிதலும் உண்டு. உட்பக்கத்து அறையைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் முன்பக்கத்து அறையை மறந்தால் காரியம் பாதியில் நின்றுவிடும். அம்மறதி சத்திரவைத்தியரிடமும் நேரலாம். வீட்டிலே தலையணையை எடுத்துக்கொடுக்கும் அன்புள்ள மருமகனிடமும் நேரலாம். என்னிடம் நேர்ந்ததை உங்களிடம் நேராதிருக்கவே இதனை இங்கே சொன்னேன்.

இனி எழும்பும்போது, முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்கு உங்களில் யாராவது கைகொடுங்கள்.